பின்னால் நடக்கிறவள்

பின்கொட்டாய்க்குப் போனவர்கள் யாரும் நடந்து திரும்பியதில்லை. இல்லத்தில் இது ரகசியம் ஒன்றுமில்லை. சோற்றில் கல் கிடப்பது மாதிரி எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து கழனி தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த முதியோர் இல்லம். முன்பு அது ரைஸ்மில். முதலாளி நொடித்துப்போய் விற்றபோது, காஞ்சிபுரத்துப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் கமிட்டி போட்டு வாங்கி, நெல் மூட்டை அடுக்கிய குடோனில் கட்டில்களை அடுக்கினார்கள். மெஷின் ஓடிய கூடம் சாப்பாட்டுக் கூடமாயிற்று. தவிடு கொட்டிவைத்த கொட்டகைதான் பின்கொட்டாய். நடுவில் புழுங்கல் நெல் காயவைத்த பெரிய சிமெண்டுக் களம். களத்தின் அந்தக் கோடியில் கிணறும் கக்கூஸும்.

சின்னபொண்ணு வந்த புதிதில் குடோன் வாசலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் அறுபது தப்படி. இரண்டு வருஷத்தில், எண்பத்து நாலாம் வருஷம் தை மாசம், அதே தூரம் நூற்றைம்பது தப்படி ஆகியிருந்தது. களம் நீளவில்லை. அவள் கால் குறுகிவிட்டது.

காரணம் கேட்டால் அவள் சுவரைக் காட்டுவாள். சுவரில் நீல எழுத்தில் 'உழைத்தவர்களுக்கு ஓய்வு' என்று எழுதியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆண்கள் பக்கத்துக் கோபால் படித்துச் சொன்னான். வந்த முதல் நாள் களத்தைப் பெருக்கலாமென்று துடைப்பத்தைத் தொட்டாள். இல்லத்து வேலைக்காரிகள் பிடுங்கிக்கொண்டார்கள். கிணற்றில் ஒரு குடம் இறைக்கலாமென்று போனாள். "நாங்க எதுக்கு கீறோம், போய் ஒக்காரு ஆயா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்து கட்டிலில் உட்காரவைத்தார்கள். எட்டு வயசில் கழனியில் இறங்கி அறுபத்தாறு வயசு வரைக்கும் குனிந்து கிடந்தவளை இரண்டு வருஷம் உட்காரவைத்தால் முட்டி என்ன செய்யும்? துருப்பிடித்த கீல் மாதிரி ஆயிற்று. கார்த்திகை மழையில் இரண்டு முட்டியும் பனங்காய் கணக்காக வீங்கின. அப்புறம் ஒரு காலை முன்னால் எடுத்துவைக்கிற ஒவ்வொரு தடவையும் யாரோ கதிரரிவாளை முட்டிக்குள் விட்டுத் திருகுகிற வலி.

இல்லத்து மேனேஜர் ஞானதாஸ் கெட்டவரில்லை. பயந்தவர். போன வருஷம் வேதாசலம் என்கிற கிழவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து, பதினோரு நாள் கத்திச் செத்தார். கமிட்டி ஞானதாஸை நிற்கவைத்துக் கேள்வி கேட்டது. அன்றிலிருந்து அவர் ஒரு சட்டம் போட்டார். மாசத்தின் முதல் ஞாயிறு கமிட்டிக்காரர்கள் வருகிற நாள். அன்றைக்கு ஒவ்வொருவரும் தன் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு யார் துணையுமில்லாமல் நடந்து வரவேண்டும். வர முடியாதவர் பின்கொட்டாய்க்கு.

பின்கொட்டாயில் பதினாலு கட்டில். ஒவ்வொன்றிலும் ரப்பர் ஷீட்டு. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பகலுக்கு ஒரே ஆள் சிட்டம்மாள். பகல் மூன்று மணிக்கு மேல் அங்கே யாருக்கும் தண்ணீர் கிடையாது. குடித்தால் யார் மாற்றுவது?

சின்னபொண்ணுவுக்குச் சோறு பெரிசில்லை, துணி பெரிசில்லை. கக்கூசுக்குத் தானே போகவேண்டும், தானே கழுவிக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றுதான். புருஷன் ரங்கன் ஆறு மாசம் படுத்துக் கிடந்து செத்தவன். அவனுக்கு எல்லாம் அள்ளிக் கழுவியவள் இவள்தான். முகம் சுளிக்காமல்தான் செய்தாள். ஆனால் அவள் கழுவும்போதெல்லாம் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அந்தக் கண்ணை அவள் பார்த்திருக்கிறாள். பிள்ளை தங்கவில்லை. அண்ணன் மகன் வரதன் மெட்ராசில் கட்டட வேலைக்குப் போனான். ஏரிக்கரைக் குடிசை மழையில் உட்கார்ந்துவிட்டது. அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தாள்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் அது நடந்தது. சாயங்காலம், மில்லுப் புகைபோக்கியின் நிழல் களத்தில் விழுகிற நேரம். கக்கூசுக்குப் போகத் தண்ணி லோட்டாவோடு வாசல் இறங்கினாள். பத்துத் தப்படி போவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. லோட்டா கைநழுவி விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்தாள். குனிந்த வேகத்தில் நிலை தடுமாறி, விழாமலிருக்க ஒரு காலைப் பின்னால் வைத்தாள். அடுத்த காலையும் பின்னால் வைத்தாள். மூன்று, நாலு, ஐந்து.

நின்றாள். முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வலியைக் காணோம்.

கிணற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று மறுபடி குனிந்தாள். வலது கால் பின்னால், இடது கால் பின்னால். நடவு வயலில் நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னால் போகிற அதே நடை. இடுப்பு தானாக மடிந்தது. கால் தானாகத் தடம் தேடியது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு போனவள் கிணற்றுத் தொட்டியில் பிருஷ்டம் இடித்தபோதுதான் நிமிர்ந்தாள். களத்தைத் தாண்டியிருந்தாள்.

"இன்னா சின்னபொண்ணு, ரிவர்ஸ் கியர் போட்டுக்கினு போற?"

ஆண்கள் பக்கத்து பெஞ்சிலிருந்து கோபால். நெல் லாரியில் முப்பது வருஷம் கிளீனராக இருந்தவன். லாரிக்கும் மண்டிச் சுவருக்கும் நடுவே மாட்டி இடது கால் நசுங்கியது. கட்டையை ஊன்றிக்கொண்டு ஏதோ நடப்பான். வாய்க்கு மட்டும் ஒரு சேதமுமில்லை.

"யோவ் கோபாலு, நோவல்லயா!" என்று கத்தினாள் அவள். "பின்னால போனா முட்டி நோவல்ல!"

"அதுக்கின்னு பார்க்காத வர்றதா? தொட்டி இருந்ததால தப்பிச்ச. கெணறு இருந்தா?"

"முதுவுல கண்ணா கீது எனக்கு?"

"கண்ணு இல்லாத வண்டிக்குத்தான் கிளீனர் வெக்கிறது" என்றான் கோபால்.

மறுநாளிலிருந்து அது வழக்கமாயிற்று. ஞானதாஸ் காலையில் கணக்குப் பார்க்கிற நேரமும் சாயங்காலம் ஜெபத்துக்குப் போகிற நேரமும் பார்த்துச் சின்னபொண்ணு வாசலில் வந்து திரும்பி நிற்பாள். கோபால் பெஞ்சுக் கட்டையைத் தட்டுவான். "வரலாம், வரலாம்... லெப்ட்டு ஒடி... வரலாம், வரலாம்... ஓல்டான்!" கக்கூஸ் கதவில் கை படுகிற இடத்தில் நிற்பாள். உள்ளே போவாள். கதவைத் தானே சாத்திக்கொள்வாள். திரும்பும்போதும் அதே மாதிரி.

"இன்னா கெயவி, நண்டு மாதிரி?" என்று முதலில் சிரித்தாள் சிட்டம்மாள். அப்புறம் சிரிக்கவில்லை. ஒரு ஆளைத் தாங்கிப் பிடிக்கிற வேலை அவளுக்கு மிச்சம். "சார் கண்ணுல மட்டும் படாத ஆயா" என்றாள்.

இருபது நாள். அந்த இருபது நாளும் சின்னபொண்ணு வயிறாரத் தண்ணீர் குடித்தாள். முட்டி வீக்கம்கூடக் கொஞ்சம் வற்றியது. தொடையில் பழைய முறுக்கு திரும்புவது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்கக் கோபாலுக்குத்தான் கவலை. "அன்னிக்கு நேரா நடந்துடுவியா?" என்றான்.

"போன மாசம் பல்லக் கடிச்சிக்கினு வந்துட்டேன். இப்ப நாலு தப்படி போவேன். அஞ்சாவது, முட்டி பூட்டிக்கும்."

"அப்புறம்?"

"நடந்து வந்து தட்டுல சோறு வாங்கணும், அதான சட்டம்? மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு சட்டத்துல கீதா?"

கோபால் யோசித்தான். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் லாரி லாரிதான். மண்டிக்குச் சரக்கு வந்து சேர்ந்தால் சரி. "கீதுன்னு எனக்குத் தெரில" என்றான்.

இரண்டு பேரும் உழைத்துத் தின்றவர்கள். வேலை முடிந்ததா என்று பார்ப்பவர்களிடமே காலம் பூராவும் வேலை செய்தவர்கள். எப்படித் தெரிகிறது என்று பார்ப்பவர்களை அவர்களுக்குத் தெரியாது.

ஞாயிறு பதினோரு மணிக்கு அம்பாசடர் வந்து நின்றது. கமிட்டித் தலைவரின் மனைவி லீலாவதியம்மாளும் இன்னும் மூன்று பேரும் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஞானதாஸ் கதவருகே கை கட்டி நின்றார். ஆண்கள் முதலில் வந்து சுவரோரப் பந்தியில் உட்கார்ந்தார்கள். பிறகு பெண்கள். தடியூன்றியவர்கள், சுவரைப் பிடித்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள்.

கடைசியாகச் சின்னபொண்ணு.

வாசற்படி வரைக்கும் பின்னாலேயே வந்துவிட்டுத் திரும்பி, நாலு தப்படி நேராக வந்தாள். ஐந்தாவதில் முட்டி பூட்டிக்கொண்டது. கூடத்தில் பெரும்பகுதி பாக்கி. ஞானதாஸ் சிட்டம்மாளைப் பார்த்தார்.

"இருங்க சார், என் நடையில வரேன்" என்றாள் சின்னபொண்ணு. திரும்பினாள். நாற்று முடியைப் பிடிக்கிற மாதிரி தட்டை இடது கையில் பிடித்தாள். புடவையை முட்டிக்கு மேலே இழுத்துச் செருகினாள். குனிந்தாள்.

கழனியில் வரப்பின்மேல் நிலத்துக்காரன் நிற்பான், அவன் பெண்டாட்டி நிற்பாள், சமயத்தில் தாசில்தாரே நிற்பான். நடவாட்கள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவர்களை நோக்கி வருவார்கள். இதில் மரியாதைக்குறைவு என்று யாரும் சொன்னதில்லை. வேலை அப்படி. ஐம்பத்தெட்டு வருஷம் அப்படியே வந்தவளுக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாலு பெரிய மனிதர்களை நோக்கித் தன் பின்புறம் போய்க்கொண்டிருப்பது தெரியவே இல்லை.

பந்தியில் யாரோ களுக்கென்றார்கள். அவள் கொஞ்சம் கோணலாகப் போனாள். நேர்பின்னால் இருந்தது தூண். கோபாலுக்குப் பொறுக்கவில்லை. இடித்து விழுந்தால் எல்லாம் போச்சு. தட்டைக் கவிழ்த்துத் தரையில் தட்டினான்.

"வரலாம், வரலாம்... ரைட்டு ஒடி, ரைட்டு ஒடி... தூணு கீது... வரலாம்..."

கூடமே வெடித்துச் சிரித்தது. பல் இல்லாத வாய்கள் எல்லாம் சிரித்தன. எத்தனையோ மாசமாய்ச் சிரிக்காதவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லீலாவதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கமிட்டிக்காரர் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். கவிழ்ந்திருந்த சின்னபொண்ணுவும் சிரித்தாள். நடவில் இப்படித்தான் சிரித்துக்கொண்டு போவது. எல்லாருக்கும் சந்தோஷம் என்றே நினைத்தாள்.

"ஓல்டான்!"

நின்றாள். தூணைப் பிடித்து நிமிர்ந்தாள். திரும்பித் தட்டை நீட்டினாள். மூச்சு வாங்கவில்லை. "வந்துட்டேன் சார்."

ஞானதாஸின் முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன கூத்து இது? அந்த ஆளும் நீயும் பேசி வெச்சிக்கிட்டு, கமிட்டி முன்னாடி என்னைக் கேலி பண்றீங்களா?"

"கேலி இல்ல சார். முட்டி நோவு. பின்னால போனா நோவல்ல. இருவது நாளா இப்டித்தான் கக்கூசுக்குப் போய்க்கினு கீறேன். ஒருவாட்டி வியுந்ததில்ல. சிட்டம்மாளக் கேளுங்க."

சிட்டம்மாள் சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருபது நாளா!" என்றார் ஞானதாஸ். அவர் கண்ணில் வேதாசலம் கிணற்றடியில் கிடந்தார். அடுத்த கிழவியும் கிடந்தாள்.

லீலாவதியம்மாள் எழுந்து வந்து சின்னபொண்ணுவின் தோளைத் தொட்டார். நல்ல மனசுக்காரி. குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. "பாவம் ஞானதாஸ், திட்டாதீங்க. வயசாச்சில்ல? புத்தி கலங்கியிருக்கு. பத்திரமா படுக்கவெச்சுப் பார்த்துக்குங்க."

"அம்மா, அதுக்குப் புத்தி நல்லா கீது" என்று கோபால் கத்தினான். "கலங்கனது முட்டிதான்!"

மறுபடி பந்தி சிரித்தது. அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது. யார் கத்தியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அன்பாகச் சொன்ன சொல்லை மாற்ற யாரால் முடியும்?

சாயங்காலத்துக்குள் அவள் துணிமூட்டை பின்கொட்டாய்க்குப் போயிற்று.

முதல் நாள் விடிந்ததும் கட்டிலைவிட்டு இறங்கினாள். ஒரு முழ இடத்தில் குனிந்து பின்னால் போக முடியுமா? இடுப்பு பக்கத்துக் கட்டிலில் இடித்து, அதில் கிடந்த கிழவி வீறிட்டாள். சிட்டம்மாள் ஓடி வந்தாள்.

"பேஜார் பண்ணாத ஆயா!"

"என்னைக் களத்துல கொண்டாந்து வுட்டுடு சிட்டம்மா. மீதிய நான் பாத்துக்கறேன். உனக்கும் ஒரு வேல கொறையும்."

சிட்டம்மாள் இரண்டு நாள் கொண்டுபோய் விட்டாள். மூன்றாம் நாள் ஞானதாஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அவர் கத்தியது ரோட்டு வரைக்கும் கேட்டது. அன்று மத்தியானமே தச்சன் வந்து பின்கொட்டாய்க் கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் அடித்தான். சின்னபொண்ணுவின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பலகை வைத்தான்.

"எனக்கு மூணு பொண்ணு ஆயா" என்றாள் சிட்டம்மாள். "இந்த வேல போச்சுன்னா வூட்ல ஒல வெக்க முடியாது." அவள் சொன்னதும் பொய்யில்லை.

சின்னபொண்ணு தண்ணீரை நிறுத்தினாள். உள்ளே போகாவிட்டால் வெளியே வராது என்பது அவள் கணக்கு. கஞ்சியையும் பாதியாக்கினாள். உதடு வெடித்தது. நாலாம் நாள் காலையில் சிட்டம்மாள் தகரப் பேசினை எடுத்து வந்தபோது அவள் தொடையை இறுக்கிக்கொண்டாள். "வாணாம். எனக்கு வரல." சாயங்காலம் வரைக்கும் தாங்கினாள். பிறகு ரப்பர் ஷீட்டு சூடாவது முதுகில் தெரிந்தது. சிட்டம்மாள் வந்து புடவையை உருவி, ஈரத்துணியால் துடைத்தாள். கை வேகமாகவும் பழக்கமாகவும் வேலை செய்தது. சின்னபொண்ணு கூரைத் தகட்டில் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ரங்கன் எதைப் பார்த்தான் என்பது அப்போது அவளுக்குத் தெரிந்தது.

கோபால் தினமும் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்பான்.

"சின்னபொண்ணு, படுத்துக்கினே கால ஆட்டிக்கினு இரு. வண்டிய நிறுத்தி வெச்சா பேட்டரி எறங்கிடும்."

முதல் வாரம் ஆட்டினாள். இரண்டாவது வாரம், "எங்கய்யா போறதுக்கு?" என்று கேட்டாள். மூன்றாவது வாரத்திலிருந்து அவன் வந்தால் கண்ணை மூடிக்கொண்டாள்.

பங்குனி மாசம் லீலாவதியம்மாள் ஏற்பாட்டில் புது டாக்டர் ஒருவர் வந்தார். சின்ன வயசு. சுறுசுறுப்பு. கோபால் அவரைக் களத்திலேயே மடக்கி நடந்ததையெல்லாம் சொன்னான். டாக்டர் நின்று கேட்டார்.

"பின்னால நடந்தா முட்டில பாரம் குறையும். அதான் வலிக்கல" என்றார். "நல்லதுதானே அது? யார் படுக்கவெச்சது?"

ஞானதாஸ் வியர்வையைத் துடைத்தார். டாக்டரே சொல்லிவிட்டால் பொறுப்பு அவருடையது. அதில் ஞானதாஸுக்கு நிம்மதிகூட. "தாராளமா நடக்கட்டும் சார்."

பலகையை எடுத்தார்கள். சிட்டம்மாளும் இன்னொருத்தியும் சின்னபொண்ணுவைத் தூக்கிவந்து களத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். ஒன்றரை மாசத்துக்கப்புறம் வெயில் அவள் மேல் பட்டது. புடவைக்குக் கீழே தெரிந்த கெண்டைக்கால்கள் முருங்கைக்காய் மாதிரி இருந்தன. கோபால் நொண்டி ஓடிப்போய் பெஞ்சில் உட்கார்ந்து கட்டையைக் கையில் எடுத்தான்.

"திரும்பு சின்னபொண்ணு. அவ்ளோதான். வரலாம்."

குனியப் பார்த்தாள். இடுப்பு மடியவில்லை. வலது காலைப் பின்னால் எடுக்கச் சொன்னாள். அது யாருடைய காலோ மாதிரி நின்றது. இடது காலுக்குச் சொன்னாள். சிமெண்டுச் சூடு பாதத்தில் ஏறியதே தவிர, பாதம் நகரவில்லை.

"வரலாம்... வரலாம்..." கோபால் கட்டையால் தட்டிக்கொண்டே இருந்தான்.

சிட்டம்மாள் பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தாள். சின்னபொண்ணு நின்ற இடத்திலேயே கீழே இறங்கினாள். விழவில்லை. சாக்கு சரிகிற மாதிரி சரிந்தாள். டாக்டர் குனிந்து முட்டியை மடக்கினார், தொடையைக் கிள்ளிப் பார்த்தார்.

"தசையே இல்ல. ரொம்ப நாள் படுத்துட்டாங்க" என்றார். "ஒரு மாசம் முன்னாடி நான் வந்திருந்தா..." முடிக்காமல் சீட்டில் எழுதினார்.

"நான் அப்பவே சொன்னேன் சார்" என்றார் ஞானதாஸ். பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. "இவங்களால முடியாதுன்னு."

மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார்கள். பலகை வைக்கவில்லை. அவசியமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் சிட்டம்மாள் பேசினோடு வந்தாள். சின்னபொண்ணு தொடையை இறுக்கவில்லை, வாணாம் என்று சொல்லவில்லை. கையை ஊன்றி, இடுப்பைத் தானே நாலு விரற்கடை தூக்கிக் கொடுத்தாள்.

"இதான் ஆயா! இப்டி ஒத்தாச பண்ணா எனக்கு எவ்ளோ சுளுவு" என்றாள் சிட்டம்மாள். நிஜமாகவே அவளுக்குச் சந்தோஷம்.

ஆனி பிறப்பதற்குள் அந்த ஒத்தாசையும் நின்றுபோயிற்று. சின்னபொண்ணுவின் கட்டில் காலியாயிற்று.